சொந்தமாக நூல் போட எந்த மென்பொருள்? பிடிஎஃப், மின்னூல் வழிகள் ஓர் ஒப்பீடு

"நாவலை எழுதி முடித்துவிட்டேன், வேர்டில் இருக்கிறது. அச்சுக்கு பிடிஎஃப் வேண்டும், கிண்டிலிலும் போட வேண்டும். எந்த மென்பொருள் வாங்கலாம்? கையில் பெரிய பணம் இல்லை." எழுதுகிறவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. கூடவே இன்னொன்றும் வரும்: "பிடிஎஃப் செய்ய அடோபியின் அக்ரோபேட் வாங்கித்தான் ஆகணுமா?"

வேண்டாம். பிடிஎஃப் வடிவத்தை அடோபி 1993-ல் கொண்டுவந்தது. 2008-ல் அது ஐ.எஸ்.ஓ. தரமாகிவிட்டதால், யார் வேண்டுமானாலும் பிடிஎஃப் எழுதும் மென்பொருள் செய்யலாம். மின்னூலுக்கான ஈபப் தொடக்கத்திலிருந்தே திறந்த வடிவம். இப்போது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. ஆக, கோப்பை உருவாக்குவதற்குப் பணம் தேவையில்லை. பணமும் நேரமும் கரைவது தமிழ் எழுத்திலும், பிறகு வரும் திருத்தங்களிலும்தான். அதனால் விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்துகொள்வோம்.

## எதை வைத்து அளப்பது?

முதலில், எழுத்து உடையாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தமிழில் 'கொ' என்பதைத் திரையில் காட்ட, ஒரே உயிர்மெய்க் குறியை இரண்டாகப் பிரித்து ககரத்துக்கு முன்னும் பின்னும் வைக்க வேண்டும். இந்த வேலை தெரியாத மென்பொருளில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். ஒரு பக்கத்தில் "கொண்டு, சௌக்கியம், ஸ்ரீ, பக்ஷி, நூற்றொன்று" என்று தட்டி, பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் பிடிஎஃப் பல, நகலெடுக்கும்போது பல்லிளிக்கும். அச்சுக்கு மட்டும் என்றால் அது பெரிய குறையில்லை. இணையத்தில் போடப்போகிறீர்கள் என்றால் குறைதான்: தேடினால் கிடைக்காது, பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் சரியாகப் படித்துக் காட்டாது.

இரண்டாவது, கோப்பு எங்கே போகிறது என்பது. அச்சகத்துக்கு பிடிஎஃப் வேண்டும். பக்க அளவு, உள் மார்ஜின் எல்லாம் அதில் கல்லில் வெட்டியதுபோல நிற்க வேண்டும். கிண்டிலுக்கும் மொபைலுக்கும் ஈபப் வேண்டும். அதில் திரைக்கேற்ப வரிகள் மடங்க வேண்டும். ஒன்றின் தேவை மற்றொன்றுக்கு எதிர். 2013-ல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூலை ஈபப், மோபி (கிண்டிலின் பழைய வடிவம்), ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று பல வடிவங்களில் கொடுத்ததன் காரணம் அதுதான். அன்றைய கிண்டில் கருவிகளில் தமிழ் எழுத்து சரியாக வராததால், அதன் திரை அளவுக்கே ஒரு பிடிஎஃப் செய்து தர வேண்டியிருந்தது.

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை: மூலக்கோப்பு யார் கையில் இருக்கும்? இரண்டாம் பதிப்பில் ஒரு பெயரைத் திருத்த வேண்டும் என்றால் யாரைக் கேட்க வேண்டும், எதற்குச் சந்தா கட்ட வேண்டும்?

நான்காவது எழுத்துரு உரிமம். பிடிஎஃப்பில் எழுத்துருவைப் பொதிப்பது ஒன்று; ஈபப்பில் எழுத்துருக் கோப்பையே உள்ளே வைத்து ஊருக்கெல்லாம் கொடுப்பது வேறு. விண்டோஸுடன் வரும் லதாவையும் நிர்மலாவையும் அப்படிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, கட்டமரன் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இவற்றை அச்சிலும் ஈபப்பிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

## லிபரே ஆஃபிஸ் ரைட்டர்

பெரும்பாலோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோக்கும். பிடிஎஃப், ஈபப் இரண்டும் உள்ளிருந்தே வரும். ஈபப் ஏற்றுமதி 2018-ல் வந்த 6.0 பதிப்பிலிருந்து இருக்கிறது.

இதில் முதல் மணி நேரத்திலேயே எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பாணியில் (ஸ்டைல்: பத்தி, தலைப்பு போன்றவற்றின் தோற்றத்தை ஒரே இடத்தில் வைக்கும் அமைப்பு) எழுத்துரு அளவை 12-லிருந்து 11 ஆக்குவீர்கள். தமிழ் அப்படியே இருக்கும், நடுவில் உள்ள ஆங்கிலச் சொல் மட்டும் சுருங்கும். ரைட்டர் ஒவ்வொரு பாணிக்கும் இரண்டு எழுத்துருக்களை வைத்திருக்கிறது: மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, தமிழ் போன்ற சிக்கலெழுத்துக்கு ஒன்று. அமைப்புகளின் மொழிப் பகுதியில் சிக்கலெழுத்து வசதியை இயக்கிவிட்டால் பாணிப் பெட்டியில் இரண்டாவது எழுத்துருவுக்கான இடம் திறக்கும். தெரிந்துகொண்ட பிறகு இதுவே வசதி. தமிழுக்கு நோட்டோ செரிஃப், ஆங்கிலச் சொல்லுக்கு வேறொன்று என்று ஒருமுறை வைத்துவிட்டால் நூல் முழுக்கத் தானாகவே மாறிவரும். வரி இடைவெளியையும் 'நிலையானது' என்று வைத்து, 11 புள்ளி எழுத்துக்கு 16 புள்ளி அளவில் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலம் கலந்த வரி ஒரு உயரம், கலக்காத வரி ஒரு உயரம் என்று பக்கம் ஏறி இறங்கும்.

டெமி சைஸ் நூல் என்றால் பக்க அளவு சுமார் 14 × 21.5 செ.மீ. பக்கப் பாணியில் 'பிரதிபலிப்பு' என்று தேர்ந்தால் பைண்டிங் பக்கம் எப்போதும் அகல மார்ஜின் விழும். முன்னுரைக்கு ரோமன் எண், உள்ளே 1, 2, 3 என்பதும் பக்கப் பாணியாலேயே நடக்கும்.

இதன் மறைசெலவு ஒழுக்கம். அத்தியாயத் தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்கினால் மென்பொருளுக்கு அது தலைப்பு என்று தெரியாது. 'தலைப்பு 1' பாணியைக் கொடுத்தால்தான் பொருளடக்கம், பிடிஎஃப் புக்மார்க், ஈபப்பில் அத்தியாயப் பிரிப்பு மூன்றும் வரும். புதிய பக்கத்துக்கு எண்டரைத் தட்டித் தட்டிப் போகும் பழக்கத்தையும் விட வேண்டும். இன்னொரு குறை: இருபுறமும் சமன்செய்தால், தமிழின் நீளச் சொற்களால் வரிக்குள் பெரிய பெரிய ஓட்டைகள் விழும். சின்னப் பக்கமாக இருந்தால் இன்னும் மோசம். கவிதைக்கும் மின்னூலுக்கும் இடப்பக்கம் மட்டும் ஒட்டிவிடுவது நல்லது.

## மைக்ரோசாஃப்ட் வேர்டு

ஏற்கெனவே வைத்திருந்தால் வேறு தேட வேண்டியதில்லை. மேலே சொன்ன பாணி ஒழுக்கம் அப்படியே இதற்கும் பொருந்தும். பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது விருப்பங்களைத் திறந்து, தலைப்புகளைப் புக்மார்க் ஆக்கு என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். 'பிரிண்ட்' வழியாக பிடிஎஃப் ஆக்காதீர்கள். இணைப்புகளும் புக்மார்க்குகளும் அதில் போய்விடும்.

வேர்டிலிருந்து ஈபப் வராது. அதற்குக் காலிபர் துணை வேண்டும். இதற்காகவே புதிதாகச் சந்தா கட்டுவது வீண்.

## கூகுள் டாக்ஸ்

கணினியே இல்லை, மொபைலில்தான் எழுதுகிறேன் என்பவருக்கு இதுதான். மெய்ப்புப் பார்க்கும் நண்பர் வேறு ஊரில் இருந்தாலும் இதுதான். ஓரத்தில் குறிப்பு எழுதிவிடுவார், கோப்பு பத்துப் பிரதியாகப் பெருகாது. கணினியில் திறந்தால் பிடிஎஃப், ஈபப் இரண்டையும் இறக்கலாம். கூகுள் எழுத்துருக்களில் உள்ள தமிழ் எல்லாம் கிடைக்கும். வெளியிலிருந்து சொந்த எழுத்துருவை ஏற்ற முடியாது.

அச்சுக்குப் போதாது. இடப்பக்கம், வலப்பக்கம் என மார்ஜினை மாற்றிப் போட வழியில்லை என்பதால், பைண்டிங்கில் எழுத்து உள்ளே போய் மாட்டும். எழுதவும் மெய்ப்புக்கும் டாக்ஸ், பக்க அமைப்புக்கு ரைட்டர் என்று பிரித்துக்கொண்டால் சுகம்.

## காலிபர், சிஜில்

இவை இரண்டும் மின்னூலுக்கானவை, இரண்டும் இலவசம். காலிபர் மாற்றி: வேர்டு கோப்பைக் கொடுத்தால் ஈபப் தரும். கோவிட் கோயல் என்பவர் 2006-ல் தொடங்கியது, இன்றும் அடிக்கடி புதுப்பதிப்பு வருகிறது. சிஜில் திருத்தி: ஈபப்பைத் திறந்து உள்ளே கைவைக்க உதவும்.

ஈபப் என்பது ஜிப் செய்யப்பட்ட ஒரு சின்ன இணையதளம், அவ்வளவுதான். பெயரின் கடைசியில் உள்ளதை ஜிப் என்று மாற்றித் திறந்தால், அத்தியாயத்துக்கு ஒரு பக்கம், ஒரு அலங்காரக் கோப்பு (சிஎஸ்எஸ்), படங்கள் என்று கிடக்கும். வேர்டில் பத்திக்குப் பத்தி எழுத்துருவை மாற்றி விளையாடியவர்களின் ஈபப்பைச் சிஜிலில் திறந்து பார்த்தால் அலங்கோலம் கண்முன் நிற்கும்: ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனிப் பாணி, தனித்தனி அளவு. வாசகர் தன் கருவியில் எழுத்தைப் பெரிதாக்கினால் சில பத்திகள் மட்டும் வளரும். அலங்காரக் கோப்பில் பத்து வரி எழுதினால் முழு நூலும் ஒழுங்காகிவிடும். அந்தப் பத்து வரியைக் கற்க ஒரு வார இறுதி போதும்; அதைச் செய்ய மனமில்லாதவர் மூலத்தில் பாணியை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, காலிபர் தருவதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பிடிஎஃப்பைக் காலிபரில் போட்டு ஈபப் ஆக்கப் பார்க்காதீர்கள். வரிக்கு வரி பத்தி முறியும், வாக்கியத்தின் நடுவே '47' என்று பக்க எண் வந்து உட்காரும்.

கிண்டிலுக்கு: அமேசானின் சொந்த வெளியீட்டுச் சேவையான கேடிபி 2016-ல் தமிழை ஏற்கத் தொடங்கியது. வரி மடங்கும் நூல்களுக்கு மோபி கோப்பை அங்கே 2021-லிருந்து வாங்குவதில்லை; ஈபப் அல்லது வேர்டு கோப்பு கொடுங்கள். 70 சதவீத ராயல்டித் திட்டத்தில் கோப்பின் எடைக்கேற்ப ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், மொபைலில் எடுத்த படங்களைச் சுருக்காமல் திணித்தால் ஒவ்வொரு விற்பனையிலும் உங்கள் பங்கு குறையும்.

## ஸ்கிரைபஸ், கேன்வா, அஃபினிட்டி

பக்கத்துக்குப் பக்கம் படமும் எழுத்தும் மாறி வரும் சிறுவர் நூல், சிற்றிதழ், நூலின் ரேப்பர் (மேலட்டை) ஆகியவற்றுக்கு ரைட்டர் சரிப்படாது. ஸ்கிரைபஸ் இலவச லேஅவுட் மென்பொருள். அச்சகம் கேட்கும் சிஎம்ஒய்கே வண்ணத்தில் (நான்கு மை வண்ணங்கள்) பிடிஎஃப் தரும். பழைய 1.4 பதிப்பில் தமிழ் உடையும். அதை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு ஸ்கிரைபஸே வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள், 2024 ஜனவரியில் வந்த 1.6-ஐப் பார்க்கலாம். முந்நூறு பக்க நாவலை இதில் ஓட்டுவது சித்திரவதை. ஈபப் வராது.

கேன்வா ரேப்பருக்கு வசதி. ஆனால் சிஎம்ஒய்கே பிடிஎஃப் காசு கட்டியவருக்குத்தான். இலவசக் கணக்கில் எடுத்தால் திரையில் பளிச்சென்று இருக்கும் நீலம் அச்சில் மங்கி வரக்கூடும். கேன்வா நிறுவனம் 2024-ல் அஃபினிட்டியை வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டது. நல்ல மென்பொருள்தான், ஆனால் அதன் பழைய பதிப்புகள் இந்திய எழுத்துகளில் தடுமாறியவை. 'கொண்டு, சௌக்கியம்' சோதனையில் தேறிய பிறகு நம்புங்கள்.

## இன்டிசைன்

தொழில்முறையில் இதற்கு மிஞ்சியது இல்லை. தமிழுக்குப் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி' கம்போசரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மறந்தால் கொம்புகள் சிதறும். மாதம் நாலு நூல் வடிவமைத்துக் கூலி வாங்குபவருக்குச் சந்தா கட்டுப்படியாகும்.

சொந்தமாக ஒரு நூல் போடுபவருக்கு இது பொறி. 'மாதத் தவணை' என்று தெரிவது பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம். இடையில் விலகினால் கட்டணம் உண்டு. இந்த விலகல் கட்டணத்தைச் சரியாகச் சொல்லாமல் மறைக்கிறது என்றுதான் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் பரிந்துரைக்க, அந்நாட்டு நீதித்துறை 2024 ஜூனில் அடோபி மீது வழக்குத் தொடுத்தது. சந்தா முடிந்த பிறகு உங்கள் கோப்பை உங்களாலேயே திறக்க முடியாது. வேறு யாரிடமாவது இன்டிசைனில் செய்து வாங்கினால் ஐடிஎம்எல் என்ற பரிமாற்ற வடிவத்தில் ஒரு பிரதியும் கேட்டு வாங்குங்கள்; ஸ்கிரைபஸும் அஃபினிட்டியும் அதைத் திறக்கும்.

## டிடிபி கடையில் கொடுப்பது

இதையும் ஒரு வழியாகத்தான் கணக்கில் வைக்க வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தால்கூட அடித்து, மெய்ப்பு எடுத்து, பாரக்கணக்குக்கு (ஒரு அச்சுத் தாளில் மடியும் பக்கங்கள்) 16-16 ஆகப் பக்கம் சரிசெய்து, அச்சகம் எதிர்பார்க்கும் கோப்பாகக் கொடுத்துவிடுவார்கள். ஐம்பது பிரதி குடும்ப மலர் போடுபவர் எதற்குப் பாணியும் ஈபப்பும் கற்க வேண்டும்?

பிரச்சினை பிறகு வருகிறது. டிடிபி கடைகளில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருள் இன்னும் ஓடுகிறது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதில் யூனிகோடு (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) வேலை செய்யாது என்பதால் பாமினி, டாப், ஸ்ரீலிபி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்கள்தான். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடையும், அது எடுபடாத அச்சு மென்பொருள்களுக்காக டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்துவிட்டது. கடைகளில் பழக்கம் மாறவில்லை. அந்த பிடிஎஃப் அச்சில் அழகாக வரும். நகலெடுத்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கந்தரகோளம். மின்னூல் ஆக்க வேண்டுமென்றால் முதலிலிருந்து மாற்ற வேண்டும்.

கொடுக்கும் முன்பே இரண்டு கேளுங்கள்: யூனிகோடில் செய்து தருவீர்களா, திறந்து திருத்தக்கூடிய மூலக்கோப்பைக் கொடுப்பீர்களா? வேலை முடிந்த பிறகு கேட்டால் தனிக்காசு, அல்லது "அந்த சிஸ்டம் ஃபார்மேட் ஆயிடுச்சு சார்".

## மற்றவை, சுருக்கமாக

லாடெக், பான்டாக்: இலவசம், கட்டளை எழுதும் வேலை. லாடெக்கின் ஒரு வகையான ஸீலாடெக்கில் தமிழ் அருமையாக வரும். டெக் அமைப்பில் தமிழுக்குச் சொல்வெட்டு விதிகளும் (வரி முடிவில் சொல்லைப் பிரிப்பது) இருப்பதால், சமன்செய்த பத்தியில் ஓட்டை விழுவது மற்ற இலவச வழிகளைவிடக் குறைவு. கணக்கு, அடிக்குறிப்பு நிறைந்த ஆய்வு நூல் எழுதும் கல்லூரிக்காரர்களுக்கு ஏற்றது. நிரல் வாசனையே ஆகாது என்பவர் பக்கம் போக வேண்டாம்.

இணையத்தில் கோப்பை ஏற்றி மாற்றித் தரும் தளங்கள்: விண்ணப்பப் படிவத்துக்குச் சரி. வெளிவராத நாவலை முகம் தெரியாத சர்வரில் ஏற்றுவது எனக்கு ஒப்பாத விஷயம்.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் | அச்சு பிடிஎஃப் | ஈபப் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| லிபரே ரைட்டர் | இல்லை | நன்று | வரும், எளிமையானது | பாணிகளைக் கற்கும் நேரம் |
| வேர்டு | சந்தா அல்லது உரிமம் | நன்று | வராது | ஈபப்புக்கு இன்னொரு மென்பொருள் |
| கூகுள் டாக்ஸ் | இல்லை | போதாது | வரும் | பக்க அமைப்பை மறுபடி செய்வது |
| காலிபர், சிஜில் | இல்லை | இதற்கல்ல | மிக நன்று | அலங்காரக் கோப்பு கற்பது |
| ஸ்கிரைபஸ் | இல்லை | மிக நன்று | வராது | நீண்ட உரையில் பொறுமை |
| இன்டிசைன் | சந்தா | மிக நன்று | நன்று | விலகல் கட்டணம், பூட்டிய கோப்பு |
| டிடிபி கடை | பக்கக் கூலி | நன்று | பெரும்பாலும் இல்லை | மூலம் கையில் இராது, பழைய குறியீடு |

## யாருக்கு எது?

நாவல், சிறுகதை, கட்டுரைத் தொகுப்பு; அச்சும் வேண்டும் கிண்டிலும் வேண்டும்: ரைட்டரில் மூலம். அங்கிருந்தே அச்சு பிடிஎஃப், அதே கோப்பிலிருந்து ஈபப், தேவைப்பட்டால் சிஜிலில் ஒரு சுற்றுத் துப்புரவு. ரேப்பர் மட்டும் ஸ்கிரைபஸில், அல்லது காசு கொடுத்து ஒரு ஓவியரிடம். முதுகு அகலத்தை நீங்களாகக் கணக்கிட வேண்டாம். பக்க எண்ணிக்கையும் தாளும் முடிவான பிறகு அச்சகத்தைக் கேளுங்கள். மேப்லித்தோ தாளுக்கும் நேச்சுரல் ஷேடு தாளுக்கும் பருமன் மாறும்.

மின்னூல் மட்டும்: டாக்ஸ் அல்லது கையில் உள்ள வேர்டு, பிறகு காலிபர். எழுத்துரு பொதிக்க மெனக்கெடாதீர்கள். ஆண்ட்ராய்டிலேயே நோட்டோ தமிழ் இருக்கிறது.

படங்கள் நிறைந்த சிறுவர் நூல்: ஸ்கிரைபஸ். மின்னூலாகவும் பிடிஎஃப்பையே கொடுங்கள், 6 அங்குலத் திரையை மறந்துவிடுங்கள்.

வடிவமைப்பே தொழில்: இன்டிசைன், சந்தாவைக் கூலியில் ஏற்றி.

பத்து வருடத்துக்கு முன் போட்ட நூல் பேஜ்மேக்கரில் கிடக்கிறது, அதை மின்னூலாக்க வேண்டும்: உரையை வெளியே எடுத்து என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் யூனிகோடாக்கலாம். மாற்றுவது நிமிட வேலை, மெய்ப்புத்தான் மலை. இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழ் என்று எண்ணப்பட்டு, உளறலாக மாறியிருக்கும். 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக நிற்கும், காலும் ரகரமும் இடம் மாறியிருக்கும், மேற்கோள் குறிகள் காணாமல் போயிருக்கும். மென்பொருளுக்கு என்று ஒதுக்கிய பணம் ஏதாவது இருந்தால் அதை நல்ல மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கொடுங்கள். அவரிடம் மாற்றிய கோப்பை மட்டும் தராமல், அச்சான பழைய பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள்; அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விழுந்த சொற்கள் தெரியும்.